பூட்டிய பெட்டியா? திறந்த பெட்டியா?

கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ மடிக்கணினி வாங்கவேண்டும். சீட்டுப் பணம் எடுத்தாயிற்று. கடைக்குப் போனதும் என்ன கேட்கிறோம்? விலை என்ன? தவணை உண்டா? பை இனாமா? மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கிவந்துவிடுகிறோம். நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பார் இல்லை.

"இதில் லினக்ஸ் ஓடுமா? ஓடும் என்று இதைச் செய்த கம்பெனி பொறுப்பேற்குமா?"

முதல் மூன்றும் நம் பணப்பையைக் காக்கும் கேள்விகள். நாலாவது, நம் உரிமையைக் காக்கும் கேள்வி!

பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓட்டும் தோழர்களைக் கேட்கிறேன். தறி உங்களுடையது. பழுதானால் நீங்களே பிரிப்பீர்கள். முடியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கை அழைப்பீர்கள். தறியை விற்றவன் வந்து, "மூடியைத் திறக்காதே! பத்தாண்டு ஆயிற்று, இனி புதுத் தறி வாங்கு!" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ஊரே திரண்டு நியாயம் கேட்காதா?

தறிக்கு ஒப்பாத நாம், கணினிக்கு ஒப்பிக்கொண்டிருக்கிறோம்! 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. மேலும் ஓராண்டு வேண்டுவோர் தனியே பதிந்துகொள்ள வேண்டுமாம். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய பிராசஸர் வேண்டும் என்கிறது கம்பெனி. இல்லாத பெட்டி என்ன ஆவது? திரை எரிகிறது, விசை வேலை செய்கிறது, உள்ளே உயிர் இருக்கிறது. ஆனாலும் உதவாது என்று தீர்ப்பு! தீர்ப்பெழுதியவர் யார்? பணம் கொடுத்த நீங்களா? இல்லை, பெட்டிக்குள் பூட்டுப் போட்டவர்!

அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது?

திருத்தணி மலைக்குப் படியேறுகிறோம். கல்லைச் சுமந்தவன் உழைப்பாளி, படியைச் செதுக்கியவன் உழைப்பாளி. எந்தக் கோயிலைக் கட்டியவனும் அவன்தான். ஆனால் கருவறை வாசலில், "நில்! உள்ளே வராதே!" என்றார்கள். அந்தக் குரலை எதிர்த்துத்தான் பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார். கலைஞர் அரசு 1970-ல் சட்டம் செய்தது. வழக்குகளைத் தாண்டி, 2021-ல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் பணி ஆணை பெற்றார்கள்.

கணினிக்கும் ஒரு கருவறை உண்டு. அதன் பெயர் மூலநிரல். கணினியை நடத்தும் கட்டளைகள் மனிதன் படிக்கும் வடிவில் எழுதப்பட்டிருக்கும் இடம் அது. விண்டோசின் மூலநிரலை நீங்கள் பார்க்க முடியாது, திருத்த முடியாது. லினக்ஸ் அப்படியன்று. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது அது. அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கு விதையிட்டார். அவர்கள் வகுத்த நெறி எளியது: எவரும் இயக்கலாம், எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறருக்குக் கொடுக்கலாம்.

ஏதோ பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்சில்தான் ஓடுகின்றன.

நமது நாட்டுக்கும் இது புதிதன்று. கலைஞர் முதல்வராக இருந்த 2006–2011 காலத்தில், அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டியது. பின்னர் ஆட்சி மாறிற்று. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மாற்றுக் கட்சியின் திட்டம்தான். ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளையின் மடியில் கணினி வந்து அமர்ந்ததை மறுப்பவன் நானல்லன். அந்தப் பெட்டிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. ஆனால் அதைத் திறந்து காட்ட ஆள் இருந்தார்களா? எத்தனை வீடுகளில் அது பெட்டிக்குள்ளேயே உறங்கிப்போயிற்று! மருந்தைக் கொடுத்தார்கள், உண்ணும் முறையைச் சொல்லாமல் விட்டார்கள்.

ஆகவே, முறையைச் சொல்கிறேன்.

கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு, திரைச் சில்லு, கைரேகைக் கருவி ஒவ்வொன்றையும் இயக்க 'டிரைவர்' என்னும் சிறு நிரல் தேவை. அதை லினக்சுக்கும் எழுதித் தருகிற, அல்லது எழுதுவோருக்கு விவரத்தை மறைக்காமல் கொடுக்கிற கம்பெனிதான் லினக்சுக்கு நண்பன். மறைப்பவன் கம்பெனி எவ்வளவு பெரிதாயினும் நண்பனல்லன்.

அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய சிஸ்டம்76, ஜெர்மனியின் டக்சிடோ போன்றவை லினக்சுக்காகவே பெட்டி செய்பவை. நல்லவைதாம், ஆனால் கப்பல் கூலி, சுங்கவரி, பழுதானால் அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்தால் தொழிலாளி வீட்டுக்குத் தாங்காது. நமக்கு எட்டும் வழி வேறு. டெல் கம்பெனி 2012 முதல் உபுண்டு லினக்ஸ் ஏற்றிய உயர்ரகப் பெட்டிகளை விற்றது. லெனோவோ 2020-ல் திங்க்பேட் வகையில் பெடோரா லினக்சை ஏற்றித் தந்தது. இக்கம்பெனிகளின் அலுவலக வகைப் பெட்டிகளில் பல, உபுண்டுவின் சான்று பெற்ற பட்டியலில் உள்ளன. மாடல் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது வாங்க இயலாதவர் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். பழைய அலுவலகப் பெட்டிகள் பழுதுபார்க்கப்பட்டு அங்கே விற்பனைக்கு வருகின்றன.

"டாஸ்" என்று எழுதி விலை குறைத்து விற்கும் பெட்டியைக் கண்டு ஏமாறாதீர்கள். விண்டோஸ் இல்லை என்பதுதான் அதன் பொருளே தவிர, லினக்சுக்கு உத்தரவாதம் என்பதன்று.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரரின் அனுமதியோடு, பெட்டியில் ஏதும் பதியாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா? ஒலி வருகிறதா? கேமரா தெரிகிறதா? மூடித் திறந்தால் விழிக்கிறதா? கால் மணி நேரத்தில் கம்பெனியின் குணம் வெளுத்துவிடும்! திரைச் சில்லு இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யாக இருந்தால் தொல்லை குறைவு. ரேமும் பேட்டரியும் மாற்றத்தக்கவையா என்றும் கேளுங்கள்.

"கணக்கெழுதும் மென்பொருள் விண்டோசில்தானே ஓடுகிறது?" என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. அத்தகையோர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் படிக்க, நிரல் எழுதக் கற்க லினக்ஸ் போதும். காசு கேட்காத லிப்ரே ஆபிஸ் உண்டு. பழக வழிகாட்டத் தமிழிலேயே 2012 முதல் வரும் 'கணியம்' இதழ் உண்டு.

எல்லைப்புற ஊரார் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின் வழியே, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் தமிழ் மண்ணோடு இணைந்தது. எல்லை கோடு போட்டது; ஆனால் தெருவில் தமிழும் தெலுங்கும் அண்டை வீட்டாராகவே வாழ்கின்றன. லினக்சில் இரண்டுக்கும் இடமுண்டு. 1999-ல் கலைஞர் அரசு அறிவித்த தமிழ் 99 விசைப்பலகையும் அதில் உண்டு. குறை இருந்தால் நம் பிள்ளைகளே திருத்தலாம்; "இந்த மொழியால் எங்களுக்கு இலாபமில்லை" என்று சொல்லித் தடுக்க அங்கே முதலாளி இல்லை!

2025–26 வரவு செலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இலட்சக்கணக்கில் வாங்கும் அரசு, கம்பெனியிடம் நிபந்தனை போடவல்லது. நாமோ ஒன்றிரண்டு வாங்குபவர்கள். ஆனாலும் நமக்கும் வாய் உண்டு. ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். ஊரே கேட்டால், திறந்த பெட்டி தானே கடை வாசலுக்கு வரும்!