மன்ஜா முதல் சுராங்கனி வரை

இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில வாழ்கின்றன. போர்த்துக்கீசரும், பின்பு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் படைவேலைக்குக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தோர். உள்ளூர் மக்களோடு மணவுறவில் கலந்தவர்கள். அவர்களது பாட்டும் ஆட்டமும் மன்ஜா. டோலக், ரபானா, கொட்டாங்குச்சி, பாட்டிலைத் தட்டும் கரண்டி இவையே வாத்தியம். மெல்லத் தொடங்கும், போகப்போக வேகம் பிடிக்கும். நிற்கிற கால் நிற்காது.

இதற்கு உறவான கஃப்ரிஞ்ஞா தாளத்தில் 1940களில் வாலி பஸ்தியன் என்ற போலீஸ்காரர் சிங்களப் பாட்டுக் கட்டினார், பைலா என்னும் பாட்டுவகை வளர்ந்தது. அதைத் தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுக்க வைத்தவர் ‘சுராங்கனி’ பாடிய ஏ. ஈ. மனோகரன். இங்கே அந்தப் பாட்டைக் கேட்காதவர் அபூர்வம். அதன் ஆப்பிரிக்க வேரை அறிந்தவரும் அபூர்வம்தான். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.