தலைச்சொல்லும் வினைமுற்றும்: ஆங்கிலத் தொகுதிப்பெயர்களை எழுதும் முறை

பலரையோ பலவற்றையோ ஒருசேரத் திரட்டி ஒரே சொல்லால் சுட்டும் பெயர், ஆங்கில இலக்கணத்தில் ‘கலெக்டிவ் நவுன்’ என்றும் தமிழில் தொகுதிப்பெயர் என்றும் வழங்கப்படுகிறது. ‘டீம்’, ‘கமிட்டி’, ‘ஃபேமிலி’ போன்றவை தனித்தும் நிற்கும். ‘எ பஞ்ச் ஆஃப் கீஸ்’, ‘எ ஹெர்ட் ஆஃப் எலிஃபன்ட்ஸ்’ போன்றவையோ ‘ஆஃப்’ என்னும் சொல்லால் இன்னொரு பெயரை இணைத்துக்கொண்டு தொடராக நீளும். ஆங்கிலத்தில் நல்ல பயிற்சி உள்ளோரும் இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான்.

இடறலுக்குக் காரணம் சொற்கள் நிற்கும் வரிசை. ‘சாவிக்கொத்து தொலைந்தது’ என்று தமிழில் எழுதும்போது, வினைமுற்று ஒருமையா பன்மையா என்பதைத் தீர்மானிக்கும் தலைச்சொல்லாகிய ‘கொத்து’ வினையை ஒட்டியே நிற்பதால், கொத்தில் எத்தனை சாவிகள் இருந்தாலும் ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்திலோ தலைச்சொல்லாகிய ‘பஞ்ச்’ முன்னே போய்விட, ‘கீஸ்’ என்னும் பன்மைச்சொல் வினைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அது வினையைத் தன்பால் ஈர்க்க, ‘தி பஞ்ச் ஆஃப் கீஸ் வேர் லாஸ்ட்’ என்று எழுதிவிட நேர்கிறது. ‘வாஸ் லாஸ்ட்’ என்பதே சரியானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் நேரும் பிழை இது என்பதால், தமிழர் இதற்காகக் கூச வேண்டியதில்லை. ‘ஆஃப்’ தொடங்கி வினைக்கு முன்வரை உள்ள சொற்களை விரலால் மறைத்துவிட்டு எஞ்சியதைப் படித்தால், வினை எதனோடு இயைய வேண்டும் என்பது பெரும்பாலும் உடனே விளங்கிவிடும்.

இந்தச் சோதனைக்குக் கட்டுப்படாத தொடர்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது ‘நம்பர்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்பது ‘மாணவர் பலர்’ என்னும் பொருள் தருவதால் ‘ஆர்’ என்ற பன்மை வினையையும், ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்பது மாணவர் எண்ணிக்கை என்னும் ஒரே பொருளைச் சுட்டுவதால் ‘இஸ்’ என்ற ஒருமை வினையையும் ஏற்கின்றன. ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்கள் இங்கே வினையின் எண்ணையே மாற்றிவிடுகின்றன.

தனித்து நிற்கும் தொகுதிப்பெயர்களைப் பொறுத்தவரை வழக்கு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கர் பெரும்பாலும் ‘தி டீம் இஸ்’ என்றே எழுத, பிரிட்டிஷ் எழுத்தில் குழுவை ஒரே அமைப்பாகக் கருதினால் ஒருமையும், உறுப்பினர்களை மனத்தில் கொண்டால் பன்மையும் வருகின்றன. பிரிட்டிஷ் விளையாட்டுச் செய்திகளில் ஓர் அணியைக் குறிக்கும் ‘இங்கிலண்ட்’ கூட ‘ஆர்’ என்னும் வினையை ஏற்கிறது. அமெரிக்க வழக்கும் எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. அடிமைமுறையை ஒழித்து 1865-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 13-ஆம் திருத்தம், இன்று ஒருமையாகவே வழங்கும் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற நாட்டின் பெயரைத் ‘தெயர்’ என்னும் பன்மைச் சுட்டால் குறிப்பிடுகிறது.

எவ்வழக்கைப் பின்பற்றினாலும் ஒரு வாக்கியத்துக்குள் அதை மாற்றாதிருப்பதே முக்கியம். ‘தி கமிட்டி ஹேஸ்’ என்று தொடங்கியவர் ‘இட்ஸ் ரிப்போர்ட்’ என்றே தொடர வேண்டும். ‘தெயர் ரிப்போர்ட்’ என்று எழுதினால் ஒருமையும் பன்மையும் ஒரே வரியில் மோதும். ‘போலீஸ்’, ‘கேட்டில்’ ஆகியவற்றுக்கு இந்தத் தெரிவே இல்லை. அவை பன்மை வினையையே கொள்ளும்.

சிங்கக் கூட்டத்துக்குப் ‘பிரைட்’, காக்கைக் கூட்டத்துக்கு ‘மர்டர்’ என்று விலங்குக்கொரு சொல்லை மனப்பாடம் செய்வதற்குப் பலரும் பெருமுயற்சி எடுக்கின்றனர். இச்சொற்களிற் பல, வேட்டையையும் வல்லூறு பழக்குவதையும் பற்றி 1486-இல் அச்சான ‘செயின்ட் ஆல்பன்ஸ் நூல்’ தரும் பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றுள் ‘பிரைட்’ போன்றவை நிலைத்துவிட்டன. ‘மர்டர்’ இன்று சொல்நயத்துக்காகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது, காக்கைகளைப் பற்றிய இயல்பான உரைநடைக்கு ‘ஃபிளாக்’ போதும். அந்த உழைப்பை வினை இயைபில் செலுத்துவது எழுதுபவருக்குக் கூடுதல் பயன் தரும்.

குழு தனக்குள் பிளவுபட்டது என்பது போன்ற செய்திகளில் ஒருமையும் பொருந்தாமல் பன்மையும் உறுத்தினால், ‘தி மெம்பர்ஸ் ஆஃப் தி கமிட்டி வேர் டிவைடெட்’ என்று உறுப்பினர்களையே எழுவாயாக்கி எழுதலாம். தலைச்சொல்லே பன்மையாகிவிடுவதால் பிரிட்டிஷ் வாசகருக்கும் அமெரிக்க வாசகருக்கும் அது ஒருங்கே ஏற்புடையதாகிறது.