குற்றமும் இழப்பும்

மைசூர் விஜயநகரில் வாழும் தமிழர், கன்னட அறிவிப்பில் ‘அபராத’ என்னும் சொல்லைக் கண்டு, அது கட்டவேண்டிய தொகை எனக் கருதிவிடலாகாது. வடமொழியில் அச்சொல்லின் பொருள் குற்றம். கன்னடம் அப்பொருளையே போற்றி வருகிறது. தமிழ் வழக்கிலோ, குற்றத்திற்கு ஈடாகச் செலுத்தும் பணத்தைக் குறிப்பதாயிற்று. அப்பணத்தைக் கன்னடர் ‘தண்ட’ என்பர்.

குற்றத்தின் பெயரே இழப்பின் பெயராவது பிற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்து ‘ஃபார்ஃபிட்’ பழைய பிரெஞ்சு மொழியில் குற்றத்தைக் குறித்தது. பின்னர், குற்றத்தால் இழக்கும் பொருளைக் குறிக்கலாயிற்று. அவ்வாறு இழப்பதை நாம் ‘பறிமுதல்’ என்கிறோம். பறிக்கப்பட்ட முதல் என்பது கருத்து. கன்னடத்தில் அது ‘முட்டுகோலு’. வீட்டு ஒப்பந்தத்தில் இச்சொல் வருமாயின், எந்த நிபந்தனை தவறினால் முன்பணம் திரும்பாது என்பதைக் கேட்டறிந்த பின்னரே நாம் கையெழுத்திடுதல் நலம்.