கோட் கேட்டால் ஆடு வரும்

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை உதட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் தொங்கவிட்டு, 'முன், பின்' என்று சொல்லிப் பாருங்கள். பின்னுக்கு டிக்கெட் பட்டும் படாமலும் அசையும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லை லண்டன்காரர் ஒருவர் சொன்னால் அதே காகிதம் எம்பித் துள்ளும். அவரே 'ஸ்பின்' என்று சொன்னால் துள்ளாது.

உதடு பிரிந்த நொடிக்கும் தொண்டையில் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் நொடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. காகிதத்தைத் தள்ளும் மூச்சு அந்த இடைவெளியில்தான் வெளியேறுகிறது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த லீ லிஸ்கரும் ஆர்தர் ஏப்ரம்சனும் 11 மொழிகளில் இதை அளந்து 1964-இல் வெளியிட்டார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. சொல்லின் முதலில் வரும் ஆங்கில 'ப'வுக்கு இடைவெளி சராசரியாக 58 மில்லி விநாடி, தமிழுக்கு 12.

ஆங்கிலக் காதுக்கு இந்த வித்தியாசம் பெரிது. இடைவெளி குறைந்தால் அது 'பஸ்' என்பதன் முதல் ஒலி என்று தீர்மானித்துவிடும். 'க', 'ட' இரண்டுக்கும் இதே கதைதான். நம்மவர் குளிருக்குக் கோட் கேட்பார். வெளிநாட்டுக் கடைக்காரர் ஆடு கேட்கிறாரோ என்று விழிப்பார். கழுத்தில் கட்டும் டையைச் சொன்னால் சாவைப் பற்றிப் பேசுவதுபோல் விழும்.

தமிழில் இந்தச் சிக்கலே எழாது. பகரம் எங்கே வன்மையாக ஒலிக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடமே சொல்லிவிடும். இந்த விதியை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் இரவல் சொற்களில்கூட அதைக் கையாள்கிறோம். பேபர் என்று எழுதினால் ஒலி குழைந்துவிடும் என்றுதானே பேப்பர் என்று இரட்டிக்கிறோம்!

உச்சரிப்பு வகுப்புகள் பலவற்றில் மூச்சுக்காற்று பேச்சிலேயே வராது. 'தேங்க் யூ' சொல்ல நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டும் பயிற்சிதான் பாதி நேரத்தைத் தின்கிறது. அது வீண் உழைப்பு என்றே சொல்லலாம். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் உலகப் பொது விதிமுறையில் மூன்று என்ற எண்ணின் உச்சரிப்பே 'ட்ரீ' என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது புரிகிறது, எது புரியவில்லை என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் வெளியிட்ட நூலில் அந்த 'த' ஒலியை அவசியப் பட்டியலில் சேர்க்கவில்லை. சொல்முதல் மூச்சைச் சேர்த்தார்.

இந்தியர்களின் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்று ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆராய்ந்த ஆர்.கே. பன்சல், 1969-இல் வேறொரு குறையையும் எடுத்துக்காட்டினார்: சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது. 15, 50 இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் விளங்கும். 'ஃபிஃப்டீன்' என்பதில் எடை பின்பாதியில், 'ஃபிஃப்டி'யில் முன்பாதியில். இரண்டு அசைக்கும் ஒரே எடை கொடுத்தால் கேட்பவர் ஊகிக்க வேண்டியதுதான். அணுமின் நிலையம் போன்ற இடங்களில் ஊகம் ஆகாது. அங்கே சொன்ன கட்டளையைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி, சொன்னவர் சரி என்று உறுதிசெய்யும் முறை உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

சரி, பழகுவது எப்படி? நாக்கை விட்டுவிட்டுக் காதிலிருந்து தொடங்கலாம் என்கிறது ஆய்வு. ஆங்கிலத்தின் ர, ல இரண்டையும் பிரித்தறிய முடியாத ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்கும் பயிற்சி அளித்தார்கள். 1991-இல் அதன் முடிவுகள் வந்தன. பலருடைய குரலில் கேட்டுப் பழகியவர்கள், புதிய குரல்களிலும் அந்த வேறுபாட்டைப் பிடித்தார்கள். 1997-இல் ஆன் பிராட்லோ குழு இன்னொன்றைக் கண்டது: இதே முறையில் கேட்டுப் பழகிய ஜப்பானியர்களின் உச்சரிப்பும், பேச்சுப் பயிற்சி எதுவும் கொடுக்காமலேயே தேறியிருந்தது.

பல குரல் என்றால் அணுபுரத்துக்குப் பஞ்சமில்லை. கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கான இந்தக் குடியிருப்பில் தமிழருக்கு அடுத்த கதவு மலையாளியாகவோ வங்காளியாகவோ இருக்கலாம். எந்த மாநிலத்து ஆங்கிலமானாலும் பிடித்துக்கொள்ளும் காது இங்கே தானாகவே அமையும். ஆனால் அந்த மூச்சு மட்டும் இங்கே அபூர்வம். இந்திக்காரர் பழத்தை 'ஃபல்' என்று சொல்லாமல், பகரத்தோடு மூச்சைக் கலந்து அழகாகச் சொல்வார். ஆங்கிலத்துக்கு வந்ததும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு நம்மைப் போலவே 'பின்' என்பார். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளோடு நாள் முழுக்கப் பேரம் பேசும் மணிமாலை வியாபாரிக்கு அந்த வகையில் வாய்ப்பு அதிகம்.

பயணிகளைத் தேடிப் போக முடியாதவருக்குப் பதிவு போதுமா? குழந்தைகளுக்குப் போதாது. பாட்ரீசியா கூல் குழுவின் 2003-ஆம் ஆண்டு சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நேரில் விளையாடிப் பேசியவரிடமிருந்து பிடித்துக்கொண்டன. அதே ஆள் திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. பெரியவர்கள் விஷயம் வேறு. அந்த ஜப்பானியர்கள் பயின்றது முழுக்கப் பதிவுசெய்த குரல்களில்தான். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் தேர்ச்சி நிலைத்திருந்தது.