ஈரத் தரையும் எபோக்சி அரிப்பும்

ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் பிறந்து, இன்று ஆயர் குரோ பக்கம் காண்ட்ரேக்ட் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். தொழிற்சாலைத் தரை கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அதுதான் எபோக்சி பூச்சு. ரெசினையும் ஹார்டனரையும் கலந்து பூசுவார்கள். இறுகிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. இறுகும் முன்தான் ஆபத்து.

சிமெண்டுத் தரை மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். நம் ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும்? புதுத் தரைக்குக் குறைந்தது 28 நாள் விட வேண்டும். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி கண்டாலோ தரை கறுத்திருந்தாலோ பூசக்கூடாது. அவசரப்பட்டுப் பூசினால் கொப்புளித்து உரியும். மறுபடி சுரண்டுவது யார்? நாம்தான். தூசியும் ரெசினும் இரண்டு தடவை உடம்பில் ஏறும்.

காய வைக்கிறேன் என்று பூட்டிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதன் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது, ஆளையே கொன்றுவிடும். தரையைச் சொரசொரப்பாக்க ஆசிட் ஊற்றுவதும் உண்டு. ரப்பர் பாலுக்கு ஆசிட் கலந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீரில்தான் ஆசிட்டை விடணும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. ஆனால் கழுவினால் தரை மேலும் ஈரமாகும். மெஷினால் தேய்ப்பதே மேல். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. கைக்குட்டை கட்டினால் போதாது. தூசி உறிஞ்சும் மெஷினும் முகத்தோடு பொருந்தும் முகமூடியும் வேண்டும்.

எபோக்சி அரிப்பு ஒரு தடவை பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பிறகு துளி பட்டாலும் கை வெடிக்கும், கண் வீங்கும். கையுறை நைட்ரில் வகையாக இருக்கட்டும். நாம் பாலெடுத்த ரப்பரில் செய்த மெல்லிய கையுறை இதற்கு உதவாது, ரெசின் ஊடுருவிவிடும். தின்னரில் கை கழுவாதீர்கள், சோப்பே போதும்.

கையுறைக் காசைச் சம்பளத்தில் பிடிக்க, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு இடம் தரவில்லை. வேலையால் வந்த தோல் நோய்க்குச் சொக்சோவில் உரிமை கோரலாம். அரிப்பு கண்டதும் கிளினிக்குக்குப் போங்கள். டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து டாக்டரிடம் காட்டி, என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லி எழுத வையுங்கள்.