மீன்தொட்டிக்கு எவ்வளவு சுத்தமான நீர் வேண்டும்?

எங்கள் எட்டாம் வகுப்பறையின் சன்னலோரம் ஒரு சிறிய மீன்தொட்டி இருக்கிறது. அதில் ஐந்து கப்பி மீன்கள் இருந்தன. தொட்டியின் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்திருந்ததால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பழைய போர் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, ஆய்வகத்தில் இருந்த டி.எம். வாட்டரை நிரப்பினேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. திங்கட்கிழமை காலையில் மூன்று மீன்கள் இறந்து மிதந்தன.

"சுத்தமான தண்ணிதானுங்க சார் ஊத்தினோம்? அப்புறம் ஏனுங்க செத்துப்போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சரியான விடை சொல்வதற்காக நான் மீண்டும் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

கோவையில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. சிறுவாணி, பில்லூர் போன்ற குடிநீர்த் திட்டங்களில் இருந்து வருவது 'நல்ல தண்ணீர்'. ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வருவது 'உப்புத் தண்ணீர்'. மலைக்காட்டில் பெய்யும் மழைநீர் பாறையோடு அதிக நேரம் தங்காமல் ஓடி அணையைச் சேர்வதால் சிறுவாணி நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. நிலத்தடி நீரோ பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கி கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கண்ணாடியில் படிந்த வெள்ளைப் படலம் இந்த உப்புகள்தான்.

இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது.

அயனி நீக்கி செயல்படும் விதம்

அயனி நீக்கும் வடிகட்டியில் கடுகு போன்ற சிறு ரெசின் மணிகள் நிரம்பியிருக்கும். இவை இரு வகைப்படும். ஒரு வகை மணிகள் நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம், சோடியம் ஆகிய நேரயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும். மற்றொரு வகை மணிகள் குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் ஆகிய எதிரயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை வெளிவிடும். வெளிவந்த இரண்டும் சேர்ந்தால் நீர். நாம் ஆய்வகத்திலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலும் ஊற்றும் டி.எம். வாட்டர் இப்படித்தான் தயாராகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தும் வாட்டர் சாஃப்ட்னர் வேறு. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தருகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் டி.டி.எஸ். மீட்டரின் அளவு பெரிதாகக் குறையாது.

ரெசின் பிடிக்கும் அயனிகளுக்கு ஓர் எல்லை உண்டு. டி.டி.எஸ். 900 உள்ள போர் தண்ணீரை நேரடியாக விட்டால் விரைவில் தீர்ந்துவிடும். ஆர்.ஓ. வழியாக 45 ஆகக் குறைத்து விட்டால் அதே ரெசின் ஏறத்தாழ 20 மடங்கு நீருக்குத் தாங்கும். ஆனால் ஆர்.ஓ. கணிசமான நீரைக் கழிவாகத் தள்ளும். ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு நீர் எடுக்கும் ஊரில் அந்த நீரைத் தரை கழுவவாவது பயன்படுத்த வேண்டும்.

மீனின் உடலில் நடந்தது என்ன?

நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். எனவே சவ்வூடு பரவலால் நீர் எப்போதும் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு செவுள்கள் வழியே கசியும். மீன் நீர்த்த சிறுநீரை அதிகமாக வெளியேற்றியும், செவுள்கள் மூலம் நீரிலிருந்து உப்பை உறிஞ்சியும் சமநிலை காக்கிறது. உப்பே இல்லாத நீரில் உறிஞ்ச எதுவும் இல்லை. செவுளின் கசிவைக் கட்டுப்படுத்தும் கால்சியமும் இல்லை. பைகார்பனேட் இல்லாததால் நீரின் பி.எச். எளிதில் மாறும். கடின நீருக்குப் பழகிய கப்பிகளை ஒரே நாளில் இந்த நீருக்கு மாற்றியதுதான் என் தவறு.

நாம் செய்யக்கூடியவை

முதலில் நம் ஊர் நீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுக்கலாம். கப்பி, மோலி ஆகியவை கடின நீரில் நன்றாக வாழும். அவற்றுக்கு அயனி நீக்கி தேவையே இல்லை. அமேசான் பகுதியைச் சேர்ந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீரை விரும்புபவை. அவற்றை வளர்க்க விரும்பும் போர் தண்ணீர் வீட்டாருக்கே இக்கருவி உதவும். அப்போதும் போர் தண்ணீரோடு கலந்துதான் பயன்படுத்த வேண்டும். டி.டி.எஸ். 900 உள்ள நீர் 1 பங்கு, டி.எம். வாட்டர் 2 பங்கு கலந்தால் 300 கிடைக்கும். கணக்குப் பாடத்தின் விகிதத்திற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

எந்த நீரானாலும் வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்ற வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் குளோரினையோ கிருமிகளையோ காட்டாது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்களில் குடிநீர்க் குழாய் நீர், போர் தண்ணீர், டி.எம். வாட்டர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, ஒரே எண்ணிக்கையில் குலுக்கி, நுரையின் உயரத்தை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். பிறகு மூன்று நீரிலும் ஒவ்வொரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் விட்டு வெயிலில் உலர்த்துங்கள். எதில் வெள்ளை வளையம் தெரிகிறது, எதில் எதுவும் மிஞ்சவில்லை என்று மாணவர்களே கண்டு எழுதட்டும்.

அந்த மாணவி இச்சோதனையைச் செய்து முடித்ததும் வெறுமையாக இருந்த வில்லையைக் காட்டி, "இதுல மீனுக்கு ஒண்ணுமே இல்லீங்களே சார்" என்றாள். மீதமிருந்த இரண்டு கப்பிகளை ஏற்கெனவே போர் தண்ணீருக்குச் சிறிது சிறிதாகத் திருப்பியிருந்தோம். கண்ணாடியில் வெள்ளைப் படலம் மீண்டும் படிகிறது. இப்போது வாரம் ஒரு மாணவர் அதைத் துணியால் துடைக்கிறார்.