பாஸ்புக்கில் ஒரு முத்திரை

வங்கிப் பாஸ்புக்கில் ரூ.5 லட்சம் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு என்று ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. அதற்குப் பின்னால் கேரளத்தில் ஒரு வங்கி மூழ்கிய வரலாறு இருக்கிறது.

கோட்டயத்தை அடுத்த பாலா என்னும் ஊரில் 1927-இல் தோன்றியது பாலாய் சென்ட்ரல் வங்கி. காலப்போக்கில் கேரளத்தின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் கொடுத்த கடனில் பெரும்பகுதி வசூலாகவில்லை. ரிசர்வ் வங்கியின் மனுவை ஏற்று, 1960-இல் கேரள உயர்நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. பீதி மற்ற வங்கிகளையும் தொற்றியது. எந்த வங்கியும் வாங்கிய டெபாசிட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியும் தள்ளாடத்தானே செய்யும்?

அந்த வீழ்ச்சியால் இரண்டு ஏற்பாடுகள் பிறந்தன. முதலாவது, நலிந்த வங்கியின் பட்டுவாடாவைச் சில காலம் நிறுத்தி, அதை வேறு வங்கியோடு இணைக்க அதே ஆண்டில் சட்டம் வழி செய்தது. 1962 தொடக்கத்தில் காப்பீட்டின் கீழ் 287 வணிக வங்கிகள் இருந்தன. 1967 முடிவில் 100தான். இரண்டாவது, டெபாசிட் காப்பீடு. 1961-இல் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் காப்பீட்டுக் கழகம் இயங்கியது. அன்று ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு ரூ.1,500. படிப்படியாக உயர்ந்து 1993-இல் ரூ.1 லட்சமாயிற்று. 2019-இல் மும்பையில் பெரிய கூட்டுறவு வங்கி ஒன்று முடங்கிய பிறகு, 2020 பிப்ரவரி 4 முதல் ரூ.5 லட்சம். வங்கியின் பட்டுவாடா முடக்கப்பட்டால் காப்பீட்டுப் பணத்தை 90 நாளுக்குள் தர 2021-இல் வந்த திருத்தம் வகை செய்கிறது. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது; நம்மிடம் வசூலிப்பதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஊரில் ஒரு கிளை, இங்கே ஒரு கிளை என்று கணக்கு வைத்திருப்போம். வங்கி ஒன்றேயானால், ஒருவர் பெயரில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்தே ரூ.5 லட்சம். தனி உரிமையாளரின் கடைக் கணக்கும் இதில் அடங்கும். வேறு வங்கியில் போட்டால் வரம்பு வேறு. மனைவி பெயரில் தனியாக இருப்பதும் வேறு. ஆனால் சீட்டுக்கும், கம்பெனி டெபாசிட்டுக்கும், நிதி நிறுவனத்தில் போட்டதற்கும் இந்தக் காப்பீடு கிடையவே கிடையாது.

இரண்டு வட்டி கூடுதல் என்று யாராவது சொன்னால், முதலுக்கு யார் பொறுப்பு என்று முதலில் கேளுங்கள். பாலாவில் பணம் போட்டவர்கள் கொடுத்த விலையில் வந்த பாதுகாப்பு இது. அதை அறிந்து பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.